பதினாறாம் நம்பர் ரவிக்கை

கொக்கி மாட்டவே முடியவில்லை. ஜெசிந்தா மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தாள். அவள் அம்மா அந்தோணியம்மாள் இரண்டு பக்கத்துத் துணியையும் பிடித்து, வலையைக் கரைக்கு இழுப்பதுபோல இழுத்துப் பார்த்தாள். கீழிருந்து மாட்டிப் பார்த்தார்கள், மேலிருந்து மாட்டிப் பார்த்தார்கள். நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு இடைவெளி அப்படியே இருந்தது. புதுத் துணி, புது நூல், உள்ளே பிரித்துவிடவும் கால் விரற்கடை மிச்சம் கிடையாது.

மாதா திருநாளுக்கு ஒரு வாரந்தான் பாக்கி. அன்று சாயங்காலம் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு மாதா சபைப் பெண்கள் வரிசையாகப் போவார்கள். எல்லோரும் கலியாணமாகாதவர்கள். எல்லோருக்கும் வெள்ளை ரவிக்கை, கழுத்தில் நீல ரிப்பன். சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் அந்த வரிசையில் நின்ற பெண்ணைப்பற்றி அப்புறம் யாரும் ஒன்றும் விசாரிக்க மாட்டார்கள். நிற்க வேண்டியவள் நிற்காமல் போனாலோ, விசாரிக்காமலேயே எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடும்.

அந்தோணியம்மாள் ரவிக்கையைக் கழற்றி வாங்கிக் கழுத்துப் பட்டையின் உள்பக்கத்தைப் பார்த்தாள். சிவப்பு நூலில் 16 என்று தைத்திருந்தது. அவளுக்கு எழுத்துதான் தெரியாதே தவிர எண் நன்றாகத் தெரியும். போன வருஷத்து ரவிக்கையிலும் இதே பதினாறுதான். அதைச் சபையைக் கவனிக்கும் பிலோமினா டீச்சர் சைனா பஜாரில் ஒரு கடையில் மொத்தமாக வாங்கி வந்திருந்தார். ஜெசிந்தாவுக்கு அது கைவிட்டுத் துழாவுகிற அளவுக்குத் தாராளமாக இருந்தது. திருநாள் முடிந்ததும் டீச்சர் எல்லா ரவிக்கைகளையும் திரும்ப வாங்கி அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் போடுகிற ரவிக்கைகளை வைத்து அளவு பார்க்கலாம் என்றால், அவை ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் குடியிருக்கலாம்.

போன வருஷமும் பதினாறு. இந்த வருஷமும் பதினாறு. நம்பர் மாறவில்லை. அப்படியானால் மாறியது எது?

அந்தோணியம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாமா அப்படிப் பாக்குற?" என்றாள் ஜெசிந்தா.

"ஒண்ணும் இல்ல. டீச்சராண்ட இதப்பத்தி ஒண்ணும் வாயத் தொறக்காத."

"பெருசா ஒண்ணு குடுங்கன்னு கேட்டா குடுத்துருவாங்க. அதுக்கு இன்னா இப்போ?"

பெண்ணுக்கு உலகம் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி நடிக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆறாவது குடிசைத் திரேசா இப்படித்தான் டீச்சரிடம் போய்ப் பெரிய ரவிக்கை கேட்டாள். டீச்சரும் கொடுத்தார். அடுத்த மாதமே மேளமில்லாமல், விடிந்தும் விடியாமலும் திரேசாவுக்குக் கலியாணம் நடந்தது. ஆறு மாதங்கூட ஆகாமல், ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலத்திலேயே பிள்ளை பிறந்தது. அன்றையிலிருந்து குப்பத்தில் பெரிய ரவிக்கை கேட்பதற்கு ஒரே அர்த்தந்தான். அதுவும் இந்தத் திருநாளுக்குப் பாலவாக்கத்திலிருந்து சவுரியம்மாள் தன் மகனுக்காக ஜெசிந்தாவைப் பார்க்க வருகிறாள். சொந்தக் கட்டுமரம், ஓடு போட்ட வீடு, குடிக்காத பிள்ளை. இதெல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது சாமானியமா?

சேலைக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. ஆறு மாதக் கர்ப்பிணிக்கும் அதே சேலை, பட்டினி கிடக்கிறவளுக்கும் அதே சேலை. அந்தோணியம்மாள் தன் கலியாணம் வரைக்கும் தைத்த துணி உடுத்தியதில்லை, அவள் உடம்பு பெருத்ததும் இளைத்ததும் அவளுக்கே தெரியாது. நம்பர் போட்டுத் தைக்கிற காலம் வந்தாலும் வந்தது, பெற்றவள் நிம்மதி போயிற்று.

மறுநாளிலிருந்து அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மகளைக் கவனித்தாள். சந்தேகத்துக்கு ஒரு குணம் உண்டு. எதைப் போட்டாலும் தின்று கொழுக்கும். ஜெசிந்தா காலையில் கஞ்சி வேண்டாம் என்றாள். சரி, குமட்டுகிறது. மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு தின்றாள். சரி, இரண்டு உயிருக்குத் தின்கிறாள். ஒருநாள் மாங்காய் கேட்டாள். அந்தோணியம்மாள் அன்று ராத்திரி பூராவும் ஜெபமாலை சொன்னாள். கொல்லைக் கொடியில் மாதாந்திரத் துணி காய்கிறதா என்று பார்த்தாள். அந்த வாரம் விடாமல் மழை, குப்பத்தில் யார் துணியுமே வெளியில் காயவில்லை. மழையும்கூட மகளுக்கு உடந்தையோ என்று தோன்றியது.

ஜெசிந்தா லஸ்ஸில் ஒரு வக்கீல் பங்களாவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்வந்தாள். ஒருநாள் சாயங்காலம் அவள் வந்து நின்றதும் குப்பென்று பெட்ரோல் வாசனை அடித்தது. மீன் கூடையிலேயே மூக்கை வைத்துப் பிழைக்கிறவளுக்கு அந்நிய வாசனை பத்தடிக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

"இன்னாடி இது, சேலையெல்லாம் மோட்டார் நாத்தம்?"

"தொட்டில் கொக்கி கிறீச்சு கிறீச்சுன்னு கத்திக்கினே கீது. கொழந்த தூங்க மாட்டேங்குது. நாகராஜண்ணன் அதக் கழட்டி பெட்ரோல் ஊத்தித் தொடச்சி எண்ண போட்டுக் குடுத்துச்சி. நான் புடிச்சிக்கினு நின்னேன்."

"யாரு நாகராஜண்ணன்?"

"வக்கீலையாவோட டிரைவரு."

அண்ணன். திரேசாவும் முதலில் அண்ணன் என்றுதான் கூப்பிட்டாள். அந்தோணியம்மாள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். புருஷன் தேசப்பனிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் துடுப்பை எடுத்துக்கொண்டு நேரே வக்கீல் பங்களாவுக்குப் போவான். காதும் காதும் வைத்ததுபோல முடிக்க வேண்டிய விஷயம் கோர்ட்டுக்குப் போய்விடும்.

மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு மருத்துவச்சி தேவானை வீட்டுக்குப் போனாள். உனக்கு உடம்பு சூடு, தைலம் தேய்த்தால் சரியாகும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள். தேவானை தைலமும் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே அடிவயிற்றில் விரல்களைப் பதித்து அழுத்தினாள்.

"கடைசியா எப்பமா தலைக்குத் தண்ணி ஊத்திக்கின?"

ஜெசிந்தா முதலில் விளங்காமல் விழித்தாள். அப்புறம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தோணியம்மாள் கூரையில் எதையோ தேடுகிறவள்போல அண்ணாந்து நின்றாள். அதற்குமேல் ஜெசிந்தாவுக்கு எதுவும் சொல்லவேண்டி இருக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். முகம் செத்துப்போய்விட்டது.

தேவானை வாசல்வரைக்கும் வந்து அந்தோணியம்மாளிடம் தணிந்த குரலில், "வெறும் வயிறுமா. போய் வேளைக்குச் சோறு போடு" என்றாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மகள் மணலில் கால் புதைய முன்னால் நடந்தாள். குடிசை வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"நேரா என்னையே கேட்டிருக்கலாமேமா."

அந்தோணியம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனால் சந்தேகம் அவ்வளவு லேசில் எழுந்து போகிற விருந்தாளி இல்லை. ஒன்றுமில்லை என்றால் கொக்கி ஏன் மாட்டவில்லை? தேவானைக்கும் லஸ் பக்கத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, நாகராஜ் அவளுக்கு என்ன முறையோ? இரண்டு நாள் இப்படியே போயிற்று. இந்த இரண்டு நாளும் ஜெசிந்தா, கேட்டதற்கு மட்டும் தலையை ஆட்டினாள்.

கர்ப்பமோ இல்லையோ, திருநாளன்று கொக்கி மாட்டியாக வேண்டும். அந்தோணியம்மாள் ரவிக்கையைச் சுருட்டி, வாழைச் சருகில் பொதிந்து, மீன் கூடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். இந்த வருஷம் கடை ரவிக்கை வேண்டாமென்று டீச்சர் திருவல்லிக்கேணியில் ஒரு துலுக்க வீட்டில் தைக்கக் கொடுத்திருந்தார். மெஹபூப் அலி என்பவர் மூட்டையைக் கொண்டுவந்து மாதா கோயிலில் இறக்கிய அன்றைக்கே, தைப்பது அவர் பெண்சாதி ஹாஜிரா பீ, வீடு பெரிய மசூதிக்குப் பின்சந்து என்றெல்லாம் அவள் விசாரித்து வைத்திருந்தாள். மீனை விற்றுத் தீர்த்துவிட்டுக் கடற்கரையோடு நடந்தாள்.

வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மீன்காரி என்று குரல் கொடுத்ததும், மெஷின் நின்று, உள்ளே வரச்சொன்னார்கள். ஹாஜிரா பீ மூக்குக்கண்ணாடி போட்ட, கட்டை குட்டையான பெண்பிள்ளை. ரவிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"தண்ணியில போட்டதும் சுருங்கிப் போச்சிமா" என்றாள் அந்தோணியம்மாள், வழியெல்லாம் நெட்டுருப் போட்டு வந்ததை.

"நீங்களும் அதத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும். இந்த வாரத்துல உங்க குப்பத்துலேருந்து நாலு பேரு வந்துட்டுப் போயிட்டாங்கோ. எல்லாருக்கும் சுருங்கிப் போச்சாம். ஒரு ஜாக்கெட்டு மேலயும் தண்ணி பட்ட அடையாளம் இல்ல."

அந்தோணியம்மாள் திடுக்கிட்டாள். நாலு பெண்களுமா? ஒரே வருஷத்திலா? குப்பத்தில் என்னதான் நடக்கிறது?

"யார் யாரும்மா வந்தது?"

"சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்கோ. நீங்களும் போறப்ப அதத்தான் சொல்லப் போறீங்கோ." ஹாஜிரா பீ உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். "வஜீஹா, இங்க வா பேட்டி. இதப் போட்டுக்கினு வா."

அவள் மகள் வஜீஹா வந்தாள். ஒட்டடைக் குச்சி மாதிரி இருந்தாள். உள்ளே போய் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அளவெடுத்துத் தைத்தாற்போல் இருந்தது. அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுதான்.

"பாருங்கோ. என் மேல தப்பில்ல. டீச்சரம்மாகிட்ட அளவு கேட்டேன். இருவது பொண்ணுங்களுக்கு யாரு அளவெடுக்கிறது, வயசச் சொல்றேன் தச்சிடுங்கன்னு சொன்னாங்கோ. என் பொண்ணுக்குப் பதினாறு. அவள நிக்க வச்சி வெட்டுனேன். அதுக்கு மேல வயசுக்குக் கொஞ்சம் விட்டு, கீழ வயசுக்குக் கொஞ்சம் புடிச்சித் தச்சேன்."

"போன வருசமும் பதினாறுதானே? அது தொளதொளன்னு இருந்துச்சே."

"கடைச் சரக்குல போட்டிருக்கிறது வயசு இல்லமா. அவன் ஏதோ இஞ்சுக் கணக்குல போடுவான். ஒவ்வொரு கடைக்காரனுக்கும் ஒரு கணக்கு. நம்பளது வயசு." ஹாஜிரா பீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். "உங்க பொண்ணுக்கு நெசமா இன்னா வயசு?"

அந்தோணியம்மாள் வாசல் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

பாலவாக்கத்துச் சம்பந்தம் முதலில் காதில் விழுந்தபோது, பத்தொன்பது என்றால் இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை, என்ன குறை என்று கேட்பார்களே என்று பதினாறு என்று சொல்லி அனுப்பியவள் அவள்தான். டீச்சருக்குப் பாலவாக்கத்தில் உறவு உண்டு, பேச்சு முன்பின் முரணக்கூடாது என்று, பெண்களின் வயசை டீச்சர் கேட்டபோதும் பதினாறு என்றே சொன்னாள். எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கவில்லை. குழாயடியில் சொன்னாள், சந்தையில் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அது பதிந்துபோய்விட்டது. மூன்று வருஷத்தை அவள் விழுங்கினாள். ரவிக்கை விழுங்க மறுத்துவிட்டது.

"பத்தொம்போது" என்றாள், திரைக்கு வெளியே கேட்காத குரலில்.

"அந்த நாலு பேரும் இப்படித்தான் சொன்னாங்கோ" என்று ஹாஜிரா பீ மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு அக்குளிலும் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். பட்டைத் துணி ஒரு சொட்டு மங்கலாக இருந்தது, கையைத் தூக்கினால்தான் தெரியும்.

திரும்பி வரும்போது முதலில் அவளுக்குச் சந்தோஷந்தான். மாதாவே, என் பிள்ளை சுத்தம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஐஸ் ஹவுஸ் தாண்டியதும் சந்தோஷம் கொஞ்சங் கொஞ்சமாக வடிந்தது. பிள்ளை எப்போதுமே சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. மருத்துவச்சி வீட்டுப் பாயில் அது திரும்பிப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. அந்தோணியம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற மகளிடம் வெட்கப்படுவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் வீட்டுக்குள் நுழையும்போது குரலை உயர்த்திக்கொண்டாள்.

"இந்தா, போட்டுப் பாரு. தையக்காரி தப்பாத் தச்சிட்டா. நல்லாக் கேட்டுட்டு வந்தேன் அவள."

ஜெசிந்தா ரவிக்கையை வாங்கினாள். பிரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டிமேல் வைத்தாள்.

"எனக்கு வேணாம். நான் வரிசையில நிக்கல."

"இன்னாடி பேசுற? நிக்கலன்னா ஊரு இன்னா சொல்லும் தெரியுமா?"

"நீ நெனச்சததான் சொல்லும். பெத்தவளே நெனச்சா தப்பில்ல, ஊரு நெனச்சா தப்பா?"

கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். அசைகிற வழியாக இல்லை. தப்பு என்மேல்தான் என்ற ஒரு வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. பழக்கமில்லாத வார்த்தை, அங்கேயே நின்றுவிட்டது.

திருநாளன்று சாயங்காலம் பெண்கள் வெள்ளை வெளேரென்று கோயில் வாசலில் வரிசை கட்டினார்கள். ஜெசிந்தா பழுப்புச் சேலை கட்டிக்கொண்டு, கலியாணமான பெண்களின் கூட்டத்தில் போய் நின்றாள். தலை குனியவில்லை. அதைப் பார்க்கத்தான் அந்தோணியம்மாளுக்குப் பயமாக இருந்தது.

கிசுகிசுப் பேச்சு எங்கே ஆரம்பித்தது என்று தெரியாது. "பத்தலயாம்" என்று ஒருத்தி. "டிரைவரு ஒருத்தன் கீறானாமே" என்று இன்னொருத்தி. "மருத்துவச்சி வூட்டுக்குப் போனத நானே கண்ணால பாத்தேன்" என்று மூன்றாவது குரல். அந்தோணியம்மாள் யாரிடமும் எதையும் சொன்னதில்லை. அவள் மனசுக்குள் வைத்திருந்தது முழுவதும் எப்படியோ வெளியே வந்து, குப்பத்து வாயில் நடமாடிக்கொண்டிருந்தது.

சவுரியம்மாள் வந்து சேர்ந்தாள். கழுத்தில் காசுமாலை, கூட இரண்டு நாத்தனார்கள். வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரைக்கும் பார்த்துவிட்டு, "எங்க சம்பந்தி, பொண்ணக் காணோம்?" என்றாள்.

அப்போது மணி அடித்தது. பெண்கள் மெழுகுவத்தியை உயர்த்தினார்கள். நாலு பெண்களின் அக்குளில் மங்கலான பட்டை தெரிந்தது. அந்தோணியம்மாள் அந்த நாலு பேருடைய தாய்மார்களையும் தேடினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. கிசுகிசுப்பு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

அவர்கள் பெயரைச் சொல்லிக் கிழித்துவிடலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொன்னால் அவர்கள் பெண்களும் வரிசையை விட்டு வெளியே வருவார்கள், ஜெசிந்தாவுக்கு அதில் ஒரு பயனும் இல்லை. ஜுரம் என்று சொல்லலாம். யார் நம்புவார்கள்? அந்தோணியம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மகள் கையைப் பிடித்து இழுத்து வந்து சவுரியம்மாள் எதிரில் நிறுத்தினாள்.

"பேசிக்கினு கீறவங்க எல்லாரும் கேட்டுக்கோங்க. ஜாக்கெட்டு பத்தலதான். பதினாறு வயசுப் பொண்ணுக்குத் தச்சது பத்தொம்போது வயசுக்காரிக்கு எப்படிப் பத்தும்? வயசக் கொறச்சிச் சொன்னது நான். மருத்துவச்சியாண்ட இட்டுக்கினு போனதும் நான். எம்பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்மேல."

அந்த நாலு தாய்மார்களும் ஒரே சமயத்தில் சுரூபத்தின் பக்கம் திரும்பி மகா பக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

ஜெசிந்தா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மருத்துவச்சி வீட்டிலிருந்து வந்த நாள் முதல் நடக்காத காரியம்.

சவுரியம்மாள் மெல்லத் தலையாட்டிக்கொண்டாள். "பத்தொம்போதா? சரி. மூணு வருசத்த மறச்சவங்க இன்னும் எதெத மறச்சிருக்கீங்களோ, யாருக்குத் தெரியும்?" என்றாள். சொல்லும்போதே அவள் பார்வை ஜெசிந்தாவின் முகத்திலிருந்து இறங்கியது. மார்பில் நின்றது. சேலைக் கொசுவத்துக்கு மேலே வயிற்றில் போய் நின்றது. அங்கேயே நின்று அளந்துகொண்டிருந்தது.

அந்தப் பார்வை அந்தோணியம்மாளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரமாக ராப்பகலாக அவளே மகளைப் பார்த்த பார்வை. எதிரில் நின்று பார்த்தால் அது இப்படி இருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தெரியாமல் இருந்தது. உடம்பு கூசிப்போயிற்று.

இனி என்ன சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை. அந்தோணியம்மாள் இரண்டடி எடுத்துவைத்து, மகளுக்கும் சவுரியம்மாளுக்கும் நடுவில் போய், ஜெசிந்தாவை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றாள்.